ஒற்றக்காவுக்கு வந்த உற்சாகம்

என் வீட்டுக்காரி அதிகம் பேசமாட்டாள். நான் பேருந்து ஓட்டிப் பிழைத்தவன். எனக்கு வாய் ஓயாது. "ரெண்டு பேருக்கும் சேர்த்து நீங்களே பேசிடுறீங்களே, அப்புறம் நான் எதுக்கு?" என்பாள்.

அவள் வேலை பார்த்தது ஓர் அச்சகத்தில், பிழை திருத்துபவளாக. எந்தப் புத்தகமானாலும் அச்சுக்குப் போகும் முன்னால் அவள் கண்ணில் பட்டாக வேண்டும். க், ச், த், ப் என்று எங்கே எந்த ஒற்றெழுத்து விட்டுப்போனாலும் பிடித்துவிடுவாள். அதனால் அங்கே எல்லாரும் அவளை 'ஒற்றக்கா' என்றே கூப்பிட்டார்கள். ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை, வீட்டுக்கே தாள்களை அனுப்பிவைத்தார்கள். ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, சிவப்புப் பேனாவும் கையுமாக உட்கார்ந்தால் நான் பக்கத்தில் வந்து நிற்பதுகூடத் தெரியாது.

அறுபத்தெட்டு வயதில் அவளுக்குத் தலைவலி வந்தது. வலது நெற்றிப்பொட்டில் விண்விண்ணென்று தெறிக்கும் வலி. தலை வாரச் சீப்பை வைத்தால் தோல் எரிந்தது. கொஞ்சம் மென்று சாப்பிட்டாலே தாடை நோக ஆரம்பித்தது. பல்லாக இருக்கும் என்று பல் டாக்டரிடம் போனோம். பல்லில் ஒன்றுமில்லை. ஒரு நாள் காலையில் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் மெதுவாக, "என்னங்க, வலது கண்ணுல மேலேருந்து திரை இறங்குற மாதிரி இருக்கு" என்றாள். கொஞ்ச நேரத்தில் திரை விலகிவிட்டது. "சரியாயிடுச்சு, விடுங்க" என்று மறுபடி பேனாவை எடுத்தாள். நான் விடவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கண் மருத்துவமனைக்கு ஓடினேன்.

அங்கே இருந்த கண் டாக்டர் நிதானமான மனிதர். அவளுடைய நெற்றிப்பொட்டைத் தொட்டுப் பார்த்ததும் அந்த நிதானம் போய்விட்டது. உடனே ரத்தம் எடுக்கச் சொன்னார். முடிவு வந்ததும் எங்களை உட்காரவைத்துச் சொன்னார்: "தலைக்கும் கண்ணுக்கும் ரத்தம் கொண்டுபோற குழாய் வீங்கியிருக்கு. இன்னைக்கே மருந்த ஆரம்பிக்கணும். தள்ளிப்போட்டா பார்வை போயிடும். போனா திரும்பாது."

மருந்து என்றால் ஸ்டீராய்டு மாத்திரை, அதுவும் பெரிய அளவில். பசி கூடும், சர்க்கரை ஏறலாம், தூக்கம் குறையும், மனநிலை மாறலாம் என்று வரிசையாகச் சொன்னார். "எது வித்தியாசமா தெரிஞ்சாலும் எனக்குச் சொல்லுங்க. ஆனா நீங்களா மட்டும் மாத்திரைய நிறுத்திடாதீங்க." நான் மண்டையை மண்டையை ஆட்டினேன். என் காதில் விழுந்தது 'பார்வை' என்ற ஒரே சொல்தான்.

மாத்திரை மாயம் செய்தது. இரண்டே நாளில் தலைவலி இருந்த இடம் தெரியவில்லை. தாடை வலி போயிற்று. திரை மறுபடி இறங்கவே இல்லை. அந்த டாக்டரை நினைத்து வீட்டுக்குள்ளேயே கையெடுத்துக் கும்பிட்டேன்.

அதற்கடுத்த வாரம் அவள் பாட ஆரம்பித்தாள்.

நான் எழுந்து வருவதற்குள் வீடு பெருக்கி, அலமாரியெல்லாம் துடைத்து, சமையல் முடித்து, பாட்டுப் பாடிக்கொண்டு நிற்பாள். வலி விட்ட சந்தோஷம் என்று நினைத்தேன். பேச்சும் கூடியது. நான் ஒன்று சொல்வதற்குள் அவள் நான்கு சொன்னாள். பழைய அச்சகக் கதைகள், முதலாளியைப் போல நடித்துக் காட்டுவது, இத்தனை காலமும் எங்கே ஒளித்துவைத்திருந்தாளோ தெரியாத கேலிகள். "நீங்க பஸ் ஓட்டினப்ப எந்த நிறுத்தத்துலயாவது வாய நிறுத்தியிருக்கீங்களா?" என்று கேட்டாளே, வயிறு வலிக்கச் சிரித்தேன். உண்மையைச் சொல்ல வேண்டுமானால், எனக்குப் பிடித்திருந்தது. மகனிடம் தொலைபேசியில், "உங்கம்மாவுக்கு இருபது வயசு குறைஞ்சுடுச்சுடா" என்று பெருமையாகச் சொன்னேன்.

மனநிலை மாறலாம் என்று டாக்டர் சொன்னது மறந்துபோகவில்லை. மாறினால் அழுவாள், முடங்கி உட்காருவாள் என்று நினைத்து, அதற்காகத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன். சிரிப்பையும் கவனிக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

போகப் போகச் சிரிப்பில் ஒரு வேகம் ஏறியது. தூக்கமே இல்லை. "தூங்குறதுக்கு நேரம் எங்கங்க இருக்கு?" என்று கேட்டாள். களைப்பும் இல்லை. பேச்சு ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்குத் தாவியது. பின்னாலேயே ஓடி எனக்கு மூச்சு வாங்கியது. ஊரில் உள்ள எல்லாப் பெயர்ப்பலகைகளையும் பிழையில்லாமல் ஆக்கப்போவதாகவும், அதற்கென்றே தான் பிழைத்து எழுந்திருப்பதாகவும் சொன்னாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நான் சிரித்தேன். "எதுக்குச் சிரிக்கிறீங்க?" என்று கையிலிருந்த டம்ளரைச் சுவரில் அடித்தாள். இத்தனை வருஷத்தில் என்னிடம் குரலை உயர்த்தாதவள். அன்றைக்குத்தான் இது வெறும் சந்தோஷம் இல்லை என்று எனக்கு உறைத்தது.

மறுநாள் காலையில் குளித்துவிட்டு வந்து பார்த்தால் ஆளைக் காணவில்லை. செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதே தெருமுனை ரொட்டிக்கடைக்காரர் தொலைபேசியில் அழைத்தார்.

"அண்ணே, பதறாம வாங்க. அக்கா இங்கதான் இருக்காங்க. ஏணி மேல."

ஓடினேன். கடை வாசலில் ஏணி சாத்தியிருந்தது. உச்சியில் என் வீட்டுக்காரி, ஒரு கையில் பெயின்ட் டப்பா, ஒரு கையில் தூரிகை. 'ரொட்டி கடை' என்று எழுதியிருந்த பலகையில், இரண்டு சொல்லுக்கும் நடுவே தக்காளிச் சிவப்பில் ஒரு 'க்' போட்டு, அதற்குப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். வழியும் பெயின்ட் ரொட்டிக்கடைக்காரரின் வெள்ளைத் தொப்பியில் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் அசையவில்லை. இரண்டு கையாலும் ஏணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "நல்லா இருக்குக்கா, ரொம்ப நல்லா இருக்கு. இப்படியே ஒவ்வொரு படியா இறங்கி வாங்க, கீழேருந்து பார்த்தா இன்னும் நல்லாத் தெரியும்" என்று குழந்தையிடம் பேசுவதுபோலப் பேசிக்கொண்டிருந்தார்.

அதற்கு முன்பே சலவைக்கடைக்குப் போய் 'தேய்க்க படும்' என்பதைத் திருத்திவிட்டு வந்திருக்கிறாள். முடிதிருத்தகத்தில் பலகை சரியாக இருந்ததால், உள்ளே நுழைந்து, பாதிச் சவரத்தில் இருந்த முடிதிருத்துபவரின் கையைப் பிடித்து வெகுநேரம் குலுக்கிப் பாராட்டியிருக்கிறாள். தெருவே வேடிக்கை பார்த்தது. ஒருத்தர் வாய்விட்டுச் சிரித்தார். ரொட்டிக்கடைக்காரர் அவர் பக்கம் திரும்பி, "இதுல சிரிக்க என்ன இருக்கு?" என்று கேட்ட கேள்வியில் கூட்டம் கலைந்தது. அந்த மனிதரை நான் ஆயுசுக்கும் மறக்கமாட்டேன்.

தகவல் போய் மகன் வேலையைப் போட்டுவிட்டு வந்தான். தண்ணீர்க் குழாய் பொருத்துகிற வேலை அவனுக்கு. எங்கே கசிந்தாலும் முதலில் வால்வை அடைப்பான். அம்மா சமையலறையில் தனக்குத்தானே பேசிக்கொண்டிருக்க, கைப்பேசியில் எதையோ தேடிப் படித்தவன் முகம் சிவந்தது.

"எல்லாம் இந்த மாத்திரைதாம்ப்பா. இங்க போட்டிருக்கு பாருங்க. இன்னைக்கே நிறுத்துங்க."

"நிறுத்தினா கண்ணு போயிடும்னு சொன்னாருடா."

"கண்ண வச்சுக்கிட்டு என்ன பண்றது? அம்மாவே அம்மாவா இல்லையே!"

சொல்லிவிட்டு அவனே அழுதுவிட்டான். நான் மாத்திரை அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நின்றேன். கொடுத்தால் இவள் போய்விடுவாள், கொடுக்காவிட்டால் கண் போய்விடும். வளைவில் பிரேக் பிடிக்காத வண்டியில் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. கடைசியில் கண் டாக்டருக்கே அழைத்துப் பேசினேன். அவர் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். "இன்னைக்கு மாத்திரைய கொடுத்துடுங்க. கொடுத்துட்டு நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. அங்க மனநல டாக்டர்கிட்ட நான் பேசி வைக்கிறேன்" என்றார்.

கூட்டிக்கொண்டு போவது லேசா? "எனக்கென்ன கேடு? இவ்ளோ நல்லா நான் எப்பவுமே இருந்ததில்ல" என்று கைகட்டி நின்றாள். அவள் சொன்னதில் பொய்யும் இல்லை. அவளுக்கு அப்படித்தான் இருந்தது. மகன் கெஞ்சினான், அதட்டினான். எதுவும் எடுபடவில்லை. எனக்கு ஒன்று தோன்றியது.

"ஏம்மா, அந்த ஆஸ்பத்திரி பலகையெல்லாம் நீ பார்த்திருக்கியா? சுவருக்குச் சுவர் தப்பு."

"எங்க?" என்றாள் உடனே. பேனாவை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் வண்டியில் ஏறிவிட்டாள்.

நல்லவேளை, நான் பொய்யனாகவில்லை. வரவேற்பிலேயே 'சத்தம் போட கூடாது' என்று தொங்கியது. அதைப் பற்றி அவள் போட்ட சத்தத்தில் ஒரு நர்ஸ் ஓடிவந்தாள்.

மனநல டாக்டர் எங்கள் மகன் வயதுள்ள பெண். நாங்கள் உள்ளே போனதும் என்னையும் மகனையும் பார்க்காமல் முதலில் என் வீட்டுக்காரியைப் பார்த்து, "வாங்கம்மா. வெளியில என்ன தப்பு கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டார். ஒற்றக்கா கொட்டித் தீர்த்தாள். டாக்டர் குறுக்கிடவே இல்லை. பேச்சின் வேகத்தை, கை நடுக்கத்தை, கண்ணை, நடையை எல்லாம் கவனித்துக்கொண்டே இருந்தார் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"இதுக்கு முன்னாடி, சின்ன வயசுல, பிரசவத்துக்கு அப்புறம், எப்பவாவது இந்த மாதிரி இருந்தாங்களா?"

"ஒரு நாள்கூட இல்ல டாக்டர்."

"அவங்க குடும்பத்துல யாருக்காவது?"

"இல்ல."

"எப்பலேருந்து மாத்தம் தெரிஞ்சுது?"

சொன்னேன். மாத்திரை தொடங்கிய நாளைக் கேட்டார். அதையும் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு அவர் பேசியது இன்னும் என் காதில் இருக்கிறது.

"இவ்ளோ வயசுக்கு அப்புறம் ஒருத்தருக்கு முதல் தடவையா இப்படி வந்தா, மனசுல மட்டும் தேடக் கூடாதுங்க. உடம்புல என்ன நடந்திருக்குன்னு பார்க்கணும். இவங்க விஷயத்துல மாத்திரை மேலதான் எனக்குச் சந்தேகம். ஆனா ஒரு காரணம் கைக்குக் கிடைச்சுதுன்னு மத்ததப் பார்க்காம விட மாட்டேன். மூளையில சின்ன அடைப்பு இருந்தாலும் இப்படி வரலாம், கட்டி இருந்தாலும் வரலாம். தைராய்டு கூடினா வரலாம். சில சமயம் சிறுநீர்ல கிருமி இருந்தாலே வயசானவங்க தலைகீழா மாறிடுவாங்க."

மகன் பொறுக்கமுடியாமல், "அதெல்லாம் சரி டாக்டர், முதல்ல அந்த மாத்திரைய நிறுத்துங்களேன்" என்றான்.

"நிறுத்த மாட்டேன்" என்றார் டாக்டர், கடிந்துகொள்ளாமல். "திடீர்னு நிறுத்தினா கண்ணும் போகலாம், உடம்பே தாங்காம மயங்கியும் விழலாம். நீங்க குழாய் வேலை பார்க்கிறீங்கன்னு அப்பா சொன்னார். அழுத்தம் ஏறின குழாயில வால்வைப் படார்னு அடைப்பீங்களா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு, "இல்ல, மெதுவாத்தான்" என்றான்.

"அதேதான்."

அங்கேயே சேர்த்துக்கொண்டார்கள். ரத்தம், சிறுநீர், இதயத்துடிப்பு, தலைக்கு ஸ்கேன் என்று எல்லாம் நடந்தது. ஸ்கேன் எந்திரத்துக்குள் அசையாமல் படுக்கவைக்க நர்ஸ் பட்ட பாடு கொஞ்சமல்ல. மூளை சுத்தமாக இருந்தது. தைராய்டும் சரி, கிருமியும் இல்லை. சர்க்கரை மட்டும் தாறுமாறாக ஏறியிருந்தது. அதுவும் அந்த மாத்திரையின் வேலைதான். சோதித்துப் பார்த்திருக்காவிட்டால் அது வேறு சத்தமில்லாமல் அரித்துக்கொண்டிருந்திருக்கும்.

டாக்டர் என் கண் முன்னாலேயே கண் டாக்டரைத் தொலைபேசியில் அழைத்தார். மனசுக்காக இவர் குறைக்கச் சொல்ல, கண்ணுக்காக அவர் தயங்க, இருவரும் விட்டுக்கொடுத்துப் பேசினார்கள். கடைசியில் ஒரு வழி பிறந்தது. ஸ்டீராய்டைப் படிப்படியாக இறக்குவது, அப்படி இறக்கும்போது ரத்தக்குழாய் மறுபடி வீங்காமல் இருக்க வேறொரு ஊசி மருந்தைச் சேர்ப்பது, மனசை அடக்கித் தூங்கவைக்க ஒரு சின்ன மாத்திரை, சர்க்கரைக்குத் தனிக் கவனிப்பு. இரண்டு பேரும் என் வீட்டுக்காரிக்கு உறவுமில்லை, கடன்பட்டவர்களுமில்லை. அவள் கண்ணுக்காக ஒருத்தரும் அவளுக்காக ஒருத்தரும் அப்படி மல்லுக்கட்டினார்கள்.

முதலில் வந்தது தூக்கம். அடித்துப்போட்டதுபோலத் தூங்கினாள். விழித்தபோது வேகம் கொஞ்சம் குறைந்திருந்தது. அடுத்த நாள் மறுபடி ஏறியது, எனக்கு நம்பிக்கை போயிற்று. "இறங்குறது படி மாதிரி இருக்காதுங்க, ஊஞ்சல் மாதிரி இருக்கும்" என்றார் டாக்டர். அப்படித்தான் இருந்தது. ஊஞ்சலின் வீச்சு குறையக் குறைய, என் வீட்டுக்காரி கொஞ்சம் கொஞ்சமாக என்னிடம் வந்து சேர்ந்தாள். ஒரு மத்தியானம் நான் வழக்கம்போல எதையோ அளந்துகொண்டிருந்தேன். அவள் ஜன்னலைப் பார்த்தபடி வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தாள். பதிலே சொல்லவில்லை. எனக்கு உயிர் வந்தது.

கூடவே வெட்கமும் அவளுக்கு வந்தது. "என்னங்க, நான் ஏணியில ஏறினேனா?"

"ஏறின."

"தெருவுல எல்லாரும் பார்த்தாங்களா?"

"பார்த்தாங்க."

போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். நான் என்ன சொல்லியும் எடுக்கவில்லை. டாக்டர் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "காய்ச்சல்ல பிதற்றினதுக்கு யாராவது வெட்கப்படுவாங்களாம்மா? இதுவும் உடம்பு பண்ணின வேலைதான்" என்றார். போர்வைக்குள்ளிருந்து, "காய்ச்சல் வந்தவங்க யாரும் அடுத்தவங்க தொப்பியில பெயின்ட் ஊத்தறதில்ல" என்று பதில் வந்தது. டாக்டர் அடக்கமாட்டாமல் சிரிக்க, போர்வையும் குலுங்கியது.

ரொட்டிக்கடைக்காரர் பார்க்க வந்தார். மன்னிப்புக் கேட்கக் கைகூப்பியவளை அவர் பேசவிடவில்லை. "அக்கா, இருபது வருஷமா அந்தப் பலகைக்குக் கீழதான் நிக்கிறேன், தப்புன்னு எனக்கே தெரியாது. இனிமே எதுவா இருந்தாலும் கீழ நின்னு சொல்லுங்க, நான் ஏறுறேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து பல வாரம் கழித்து ஒரு மாலையில் நான் மெல்ல ஒன்று கேட்டேன். அந்த நாட்களில் அவள் அடித்த கேலி, பாடிய பாட்டு எல்லாம் மாத்திரை பேசியதா, அவள் பேசியதா? கேட்கக்கூடாத கேள்வியோ என்று பயம்தான். யோசித்துவிட்டுச் சொன்னாள்: "நெனப்பு என்னோடதுதாங்க. அத்தனையும் ஒரே நேரத்துல கதவ இடிச்சுக்கிட்டு வெளிய வந்ததுதான் என்னோடது இல்ல." பிறகு, "பாட்டு வேணும்னா கேளுங்க. இடிக்காம பாடுறேன்" என்றாள். அவ்வப்போது கேட்கிறேன். அவ்வப்போது பாடுகிறாள்.

கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. பரிசோதனையில் கடைசி வரியின் பொடி எழுத்துவரை படித்தாள். கண் டாக்டர் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். ஸ்டீராய்டு இப்போது துளி அளவுக்கு வந்துவிட்டது. மனசுக்குக் கொடுத்த மாத்திரையை முழுவதும் நிறுத்தியாயிற்று.

போன மாதம் அந்த மனநல டாக்டரைப் பார்த்து நன்றி சொல்லிவிட்டு வரலாம் என்று இருவரும் போனோம். உள்ளே நோயாளி இருந்ததால் வெளியே பெஞ்சில் காத்திருந்தோம். எதிரே ஒரு பெரியவர் நிற்காமல் நடந்துகொண்டே, போகிற வருகிறவர்களையெல்லாம் தன் மகள் கல்யாணத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த மகள் பக்கத்திலேயே கண்ணைத் துடைத்தபடி உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் இருப்பதை அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். "அப்பாவுக்கு வயசாயிடுச்சு, புத்தி பிசகிடுச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க" என்றாள். "இப்படி இளைச்சும் போயிட்டார், கை வேற நடுங்குது."

அது என்ன நோய் என்று எனக்கு எப்படித் தெரியும்? பேருந்து ஓட்டினவன் வைத்தியம் சொல்லக்கூடாது. ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள், என் வீட்டுக்காரி எழுந்துபோய் அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இளைச்சது, கை நடுங்குறது, அவர் சாப்பிடுற மாத்திரை, எதையும் விடாம டாக்டர்கிட்ட சொல்லும்மா. இந்த டாக்டர் கேப்பாங்க. நானும் இப்படித்தான் வந்தேன்."

"நீங்களா?" என்று அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

அதிகம் பேசாத என் மனைவி அன்றைக்கு முழுக் கதையையும் சொன்னாள், ஏணியிலிருந்து ஒவ்வொரு படியாக. நான் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பெரியவருக்குத் தைராய்டு என்றும், மருந்தில் தேறி வருகிறார் என்றும் பிறகு கேள்விப்பட்டோம்.

எங்கள் முறை வந்தது. டாக்டருக்குச் சொல்ல வண்டி வண்டியாக வைத்திருந்தேன். உள்ளே போனதும் அவ்வளவும் மறந்துபோய், கையைக் கூப்பிக்கொண்டு சும்மா நின்றேன். "என்ன, அப்பா இன்னைக்குப் பேசவே காணோம்?" என்று டாக்டர் கேட்டார். என் வீட்டுக்காரி எனக்காகவும் சேர்த்து நன்றி சொன்னாள்.